இரண்டாம் நம்பர் கிணறு

பொய் சொல்லாதீர்கள் என்று அவர் யாரையும் கண்டித்து நான் பார்த்ததில்லை. எதிரில் நிற்கிறவர் பொய்யை ஆற அமரச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். தலையை ஆட்டுவார். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் எடுத்தும் கொடுப்பார். பாதிப் பொய்யோடு யாரையும் பிடிப்பது அவருக்குப் பிடிக்காது.

எங்கள் பக்கத்துக்கு அவர் ஹெல்த் இன்ஸ்பெக்டர். கேரள எல்லையோர வடகரப்பதி வட்டாரத்தில் இருக்கிற கிணறு, தொட்டி, சாக்கடை, எலி வளை, கொசு எல்லாம் அவர் பொறுப்பில். கொசுப் புழுவைக் கூத்தாடி என்போம்; அதைத் தேடி வருகிறவர் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் கூத்தாடி சார். நேரில் சொல்ல ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம் வேறு. காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்தாலே பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள்.

பாலக்காட்டு டவுன் பக்கத்து மலையாளி அவர். எங்கள் தமிழையே அச்சாகப் பேசுவார், இடையிடையே தண்ணீருக்கு வெள்ளம், போதும் என்பதற்கு மதி என்று இரண்டு வார்த்தை தவறி விழும். ஒல்லியான ஆள். சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் கண்ணாடி பாட்டில்கள். ஹேண்டிலில் தொங்கும் பையில் ஒரு டார்ச், ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம், சொந்தமாக ஒரு கண்ணாடி டம்ளர். சட்டைப் பையில் பென்சிலும் நூலுருண்டையும். விரல் நகங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்த ஆம்பளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். மோர் கொடுத்தாலும் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளியிறுதி வரை படித்தவள் என்பதால் அரசாங்கத்துக் காகிதம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். அவர் தெருவுக்கு வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவேன். வேடிக்கை பார்க்கத்தான். அதை ஒளிக்க இப்போது என்ன இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரி வாய் ஓயாதவள். ஒரு சித்திரை மாதம் அவள் வீட்டுத் தொட்டிக்கு முன்னால் இவர் வந்து நின்றார். கேட்கும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கூட்டுத் தொட்டீல ஒரு பூச்சி கெடையாதுங்க சார். நித்தம் கழுவறனுங்க."

"நித்தமுங்களா?"

"நித்தமுங்க."

காலையிலா சாயங்காலமா என்று கேட்டார். காலையில் என்றாள். சும்மா அலசுவதா, தேய்த்துக் கழுவுவதா என்று கேட்டார். தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பேன் என்றாள். பிள்ளை மேல் சத்தியம் செய்வீர்களா என்று அவர் கேட்கவே இல்லை, அவளாகவே செய்தாள். அது வரும் வரைக்கும்தான் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். பிறகு கிண்ணத்தால் மொண்டு வெயிலில் வைத்து, தெருவில் நின்ற எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைத்து, பென்சில் முனையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டியும் நிறுத்தவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எண்ணி முடித்ததும் தொட்டியின் அடியில் இருந்த கட்டையைப் பிடுங்கிவிட்டார். அரை மைல் நடந்து இரண்டு நாளாகச் சுமந்து ஊற்றிய தண்ணீர் மண்ணில் ஓடிப்போயிற்று.

எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டிருக்கும். மாட்டிக்கொள்கிறவள் நானாக இல்லாதவரை எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

கடலை போட்ட வருஷம் எலித் தொல்லை தாங்கவில்லை. வீட்டுக்குப் பத்து எலி கொல்ல வேண்டும், அத்தாட்சிக்கு வாலை வெட்டி ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. வடக்குத் தெருவில் ஒருவர் பிள்ளையார் பக்தர். பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்ல அவருக்கு மனசு வரவில்லை. உத்தரவை மீறவும் பயம். கூண்டு வைத்து எலியைப் பிடிப்பார், வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு எலியைக் காட்டில் விட்டுவிடுவார். பாவமும் இல்லை, அதிகாரியிடம் ஏச்சும் இல்லை. நல்ல யோசனை என்று அவரே நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். அது இவர் காதுக்கு எட்டாமலா இருக்கும். மூன்று மாதம் ஒன்றும் தெரியாதவர் மாதிரி வாலை வாங்கிக்கொண்டு, ஊரிலேயே உங்கள் வீட்டில்தான் வேலை சுத்தம் என்று பாராட்டினார். நாலாம் மாதம் ஒரு காலை வேளையில் கூண்டோடு வந்தார். உள்ளே வாலில்லாத எலி ஒன்று. அந்த ஆளின் தோட்டத்துக் குடிசையான சாளையிலேயே வைத்துப் பிடித்தது. ஒரு விறகுக் கட்டையை அவர் கையில் கொடுத்து, எனக்கு முன்னால் அடிங்க என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த மனுஷர் அழுதுகொண்டே அடித்தார். முதல் அடியில் அது சாகவில்லை. அதன் பிறகு ஒரு வருஷம் அவர் பிள்ளையார் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. ஆனால் வேண்டும் அந்த ஆளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆடியில் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் இருந்த சாணிக் குழி நிரம்பி வழிந்து, இருபதடி தள்ளியிருந்த வீட்டுக் கிணற்றில் இறங்கியது. தண்ணீர் கொஞ்சம் மங்கலானது. மழை விட்டதும் தெளிந்துவிட்டது, ஆனால் கொதிக்க வைத்தால் ஒரு வாடை வந்தது. மாமனார் மறுநாளே குடிக்கவும் சமைக்கவும் தோட்டத்துக் கிணற்றிலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவர ஏற்பாடு செய்துவிட்டார். வெளியில் மூச்சு விடக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. ஏனென்றால் ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். இருபத்தாறு வயசு அவளுக்கு. இரண்டு இடம் பேசி முடித்து முறிந்துபோயிருந்தது. மூன்றாவதாகப் பொள்ளாச்சிப் பக்கத்துச் சம்பந்தம், வீட்டிலேயே பந்தல்.

ஊரில் வாந்திபேதி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததால், விருந்து வைக்கிற வீட்டுக் கிணறு சோதனையில் தேற வேண்டும் என்று இவர் சொல்லிவிட்டார். தேறாத கிணற்றின் சுவரில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. அந்த வீட்டில் பந்தி கூடாது. சிவப்புக் குறி விழுந்த வீட்டில் பெண்ணெடுக்க மூன்றாவது இடமும் யோசிக்கும்.

அன்று முன்பகல் எங்கள் கிணற்றில் ஒரு பாட்டில், எங்கள் பண்ணையத்து ஆட்கள் குடியிருந்த வளவுக் கிணற்றில் ஒரு பாட்டில் எடுத்தார். பாட்டில் கழுத்தில் அட்டை கட்டி நம்பர் போட்டார். எங்களுடையது ஒன்று, வளவுடையது இரண்டு. பெட்டியை எங்கள் வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் வைத்து, பக்கத்துத் தெருவில் டிடிடி அடிக்கிற ஆட்களைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வருகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்முணி, அந்த ரண்டு அட்டையவும் மாத்திக் கட்டீரு."

"வளவுக்காரங்க கெணத்தப் பூட்டீருவாங்களேங்க மாமா. தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?"

"நாம ஊத்தாமயா போயிருவோம்?" என்றார். அவர் குரலில் நிஜமாகவே பெரிய மனசு இருந்தது.

சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் உட்கார்ந்து இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன், அட்டைகளை மாற்றிக் கட்டினேன்.

அவர் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். ஒரு பாட்டிலை எடுத்து நூலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"பூ நீங்களே கட்டுவீங்களா?"

"ஆமாங்க. கடைப் பூ எனக்குப் பிடிக்காதுங்க" என்றேன். நெருக்கமாகத் தொடுத்திருப்பதைப் பார்த்துக் கேட்கிறார் என்று உள்ளுக்குள் பெருமைகூட.

"நல்ல கட்டு" என்றார். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் காகிதம் வந்தது. ஒன்றாம் நம்பர் குடிக்க உகந்தது. இரண்டாம் நம்பர் ஆகாது. வளவுக் கிணற்றின் சுவரில் சிவப்புக் குறி போட்டு, வாயில் பலகை அடித்துப் பூட்டுப் போட்டார். மருந்து தூவிவிட்டால் போதாதா என்று அங்கிருந்தவர்கள் கேட்டதற்கு, ப்ளீச்சிங் பவுடர் தீர்ந்துவிட்டது, வந்ததும் பார்க்கலாம் என்றார். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது.

வளவு ஆட்கள் எங்கள் கிணற்றைத் தொடக் கூடாது. அது ஊர் வழக்கம், நான் உண்டாக்கியதல்ல என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர்கள் குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும், நான் சேந்தி மேலேயிருந்து ஊற்ற வேண்டும். தினமும் காலையில் முப்பது குடம். என் கையால்தான். எங்களுக்குத் தோட்டத்திலிருந்து பீப்பாய் வரும். அதை அவர்கள் வந்துபோன பிறகு இறக்குவோம். முதல் ஆளாக வந்து நிற்பவள் வேலாத்தா. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். இடுப்பில் நாலு வயசுப் பெண், பாப்பாத்தி. அது இரண்டு கையையும் குவித்து நீட்டும். அதற்கும் கொஞ்சம் ஊற்றுவேன். முழங்கை வழியாக வழியவிட்டுச் சிரித்துக்கொண்டே குடிக்கும். இந்த ஒன்றை எழுத வேண்டியிருக்கும் என்றுதான் இத்தனை வருஷமாக எதையும் எழுதாமல் இருந்தேன்.

ஒரு நாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் வேலியோரம் நின்று நான் ஊற்றுவதைப் பார்த்தார்.

"வெள்ளம் நல்லா இருக்குங்களா?"

"காயிதமே சொல்லுதுங்களே சார்."

"ஊட்டுக்காரங்களும் இதத்தான் குடிக்கறீங்களா?"

"ஆமாங்க."

"நித்தமுங்களா?"

"நித்தமுங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டுக்காரியிடம் இதே கேள்வியை இதே குரலில் கேட்டபோது வாசலில் நின்று சிரித்தவள் நான். எனக்கு உறைக்கவில்லை.

ஏழாம் நாள் வளவில் மூன்று பேருக்கு வயிற்றால் போனது. இவர் வந்து மாத்திரை கொடுத்தார், பெயரெல்லாம் எழுதிக்கொண்டார். எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் பாப்பாத்தி செத்துப்போனது. பக்கத்துச் சித்தூர் ஆசுபத்திரிக்கு என்று பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே, வேலாத்தாவின் மடியில். அப்போதும் எங்கள் கிணறு நல்ல கிணறாகவே இருந்தது. மாமனார் வயல் காடு பார்க்கப் போய்விட்டார். நான் அன்றும் முப்பது குடம் ஊற்றினேன். இருபத்தொன்பது என்று சொல்ல வேண்டும், வேலாத்தா வரவில்லை.

கல்யாணத்தன்று அவள் வந்துவிட்டாள். பாத்திரத்துக்கு வேறு ஆள் இல்லை, மாமனார் சொல்லியனுப்பியிருந்தார். கொல்லைப்புறத்தில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கிப் பந்தலில் உட்கார்ந்து, சந்தனம் பூசி, மேளம் ஒரு சுற்று முடிந்த நேரம். அவர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட காக்கி. ஒரு கையில் பெயின்ட் டப்பா, ஒரு கையில் அவருடைய கண்ணாடி டம்ளர். நேராகக் கிணற்றுக்குப் போய்ச் சேந்தி, டம்ளரை நிரப்பிக்கொண்டு மாமனாருக்கு எதிரில் வந்து நின்றார்.

"நல்ல கெணறுன்னு காயிதம் இருக்குதுங்களே. இவங்க எல்லாரும் பாக்க ஒரு மொடக்குக் குடிங்க."

மாமனார் டம்ளரை வாங்கிவிட்டார். வாங்கியதுதான் தப்பு. வாய்வரை கொண்டுபோக முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. பந்தல் முழுக்க அந்த டம்ளரையே பார்த்தது. இவர் அவசரப்படவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்த மனுஷர் இத்தனை நாள் பொறுத்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. கடைசியில் மாமனார் தண்ணீரைக் காலடியில் சாய்த்தார். இவர் திரும்பி மாப்பிள்ளையின் அப்பாவிடம், இது கெட்ட கிணறு, அட்டையை மாற்றிக் காகிதம் வாங்கினார்கள், இந்தத் தண்ணீரைக் குடித்து வளவில் ஒரு குழந்தை செத்துப்போயிற்று என்று நிதானமாகச் சொன்னார்.

நாத்தனார் மணையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சமையலுக்கு எந்தத் தண்ணீங்க சம்பந்தி?"

"தோட்டத்துக் கெணறுங்க" என்றார் மாமனார். "எங்களுக்கே ஒரு மாசமா அதானுங்க."

"அப்பறமென்ன" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மேளக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். குழந்தையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, பந்தலில் வேறு யாரும் கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் தாலி ஏறியது. இலை போட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்றார். சுத்தமான அந்த விரல்களில் காலி டம்ளர். பொய்யைப் பிடித்த பிறகு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் போய் எங்கள் கிணற்றுச் சுவரில் பெருக்கல் குறியைப் போட்டார். பந்தியில் இருந்தவர்கள் பாயசத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே மறையூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு நான் பார்க்கவில்லை.

குறியைப் போட்டுவிட்டுக் கொல்லை வழியாக அவர் வெளியேறும்போது நான் பின்னாலேயே போனேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பெட்டியத் தூக்கும்போதே. நான் கட்டறது ஒத்த முடிச்சுங்க. அதுல இருந்தது பூக்கட்டு."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தக் கொழந்த இருந்திருக்குமே சார். தெரிஞ்சே எப்படி உட்டீங்க?"

அவர் பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். கோபம் இல்லை.

"நீங்களும் தெரிஞ்சேதானுங்களே ஊத்துனீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து வளவுக் கிணற்றுச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கும் முகம் இல்லை. வாங்கிக்கொண்டேன். வளவுக்குப் போக எனக்கும் கால் வரவில்லை. கண்ணெதிரில் இருந்த வளவு ஆள் வேலாத்தா மட்டும்தான். அவளிடமே நீட்டினேன்.

சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளே நடந்தது, நாங்கள் தள்ளி நின்று பேசியது எதுவும் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

"எங்க கெணத்துச் சாவிங்களா? தண்ணி நல்லாயிருச்சுங்களா அம்மணி?"

"நல்லாயிருச்சு" என்றேன்.

அவர் பக்கத்தில்தான் நின்றார். தலையை ஆட்டினார்.